வீட்டுக் கிணறும் மோட்டார் வண்டியும்

எமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் வன்னீரைக் கொதிக்கவைத்துப் பார்த்த மாணவர்களுள் நாமும் ஒருவராவோம். கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று வெப்பத்தாற் பிரிந்து, வெண்ணிறக் கல்சியம் காபனேற்றாகப் படியும் எனப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். அப்பாடம் எமக்கு விளங்கத் தொடங்கியதோ 1978ஆம் ஆண்டில், கடுகண்ணாவை ஏற்றத்தில்.

யாழ்ப்பாணத்திற் பல்லாண்டு ஓடிய எமது பழைய மொறிஸ் மைனர் வண்டியில், கொழும்பிலிருந்து கண்டிக்குத் தம்பியுடன் சென்றோம். வெப்பங்காட்டும் மானி அவ்வண்டியில் இல்லை. சமதரையில் ஒழுங்காக ஓடியது, ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றது. நாம் தடுக்குமுன்னரே தம்பி துணியொன்றாற் பற்றி றேடியேற்றரின் மூடியைத் திருகிவிட்டான். வெந்நீர் பீறிட்டு அவன் முன்கையைச் சுட்டது. மூடிய கலத்தில் அமுக்கம் உள்ளவரை நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும். திறந்த கணமே பொங்கிப் பாயும். இதுவும் நாம் படித்ததே!

ஒருவாறு ஊர் திரும்பினோம். ஒரு கராச்சில் நீர்ப் பம்பியை மாற்றினார்கள். மற்றொன்றில் தேமோஸ்ரற்றை மாற்றினார்கள். கழற்றியதைச் சுடுநீரில் இட்டு, 80 பாகையளவில் திறக்கின்றதா எனப் பார்த்திருந்தாற் பணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாமவர் முதியவர். எண்ணெயிற் பால்நிறம் உண்டா, விசிறி வார் தளர்ந்துள்ளதா என்று மட்டும் நோக்கினார். பின்னர் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்தினார். நடுவிலே குளிர்ந்த திட்டுக்கள்; அவ்விடத்துக் குழாய்களில் நீரோட்டமே இல்லை.

“தம்பி, இதுக்குள்ளை எந்தத் தண்ணி விடுறனீர்?”

“எங்கடை வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான் ஐயா,” என்றோம், சற்றுப் பெருமையோடு.

அவர் மறுமொழி கூறாது, அடுப்பிலிருந்த கேத்தலின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே விரற்கனத்தில் வெண்சுண்ணாம்பு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் ஆய்வுகூடத்திற் செய்ததையே எமது வண்டியிலும் செய்திருந்தது.

அன்று முதல் காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் அன்றி வேறெதையும் வண்டியில் நாம் ஊற்றியதில்லை. பனி உறையாத நாட்டிற் கூலன்ற் எதற்கு என நண்பர் சிலர் நகைப்பதுண்டு. அது துருவைத் தடுப்பதையும் கொதிநிலையை உயர்த்துவதையும் அவர்கள் எண்ணுவதில்லை. தம்பியின் முன்கையில் வடு இன்றும் உண்டு. கேத்தலை மட்டும் கிணற்று நீராலேயே நிரப்புகின்றோம். தேநீருக்கு அந்நீரின் சுவை வேறெதிலும் வாராது.