கொசுறு

மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். மும்முனைக் கரண்டு வந்தால்தான் என் வயலுக்குத் தண்ணீர். அதுவரை கண்ணுக்கு மட்டும்தான் வேலை.

எதிரே 25 சென்ட்டில் புதுக்குட்டை. சித்திரையில் வெட்டியது. கரையில் ஒரு மூலையில் மட்டும் அறுகம்புல் ஏறியிருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் மண். அஞ்சடித் தண்ணீர். சாணி கரைத்துவிட்டுப் பதினைந்து நாளாகிறது. பயறு ஊறவைத்த தண்ணீர் மாதிரி லேசாகப் பச்சை தட்டியிருக்கிறது.

கரையில் மூன்று பேர். பெரியவர், துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட மகன், மீன்குஞ்சு வியாபாரி. குட்டியானை வண்டியில் தார்பாய்த் தொட்டி. குட்டைத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு அதில் ஊற்றுகிறார் வியாபாரி. புதுத் தண்ணீர் குஞ்சுக்குப் பழக வேண்டும்.

"3,000 விடுவோம்ப்பா. ஆளுக்கு ஒரு கிலோன்னாலும் மூணு டன்" என்கிறான் மகன், செல்போனில் பெருக்கியபடி. மீனை 'ஆளுக்கு' என்கிறான்.

"500 போதும்."

பெரியவர் காரணம் சொல்வதில்லை. கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்கிறார். ஒரு கோடையில் கோயில் குளத்தில் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்ததாம். வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வெள்ளையாக மிதந்ததாம். ராத்திரியில் பாசியும் மூச்சு விடும், மீனும் மூச்சு விடும். விடிகிற நேரத்தில் தண்ணீரில் காற்று குறைந்துபோகும். மகன் பெருக்கியது பகல் கணக்கு. அப்பாவினுடையது விடியற்காலைக் கணக்கு.

வியாபாரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கரையில் குந்துகிறார். கையை முழங்கை வரை நேராகத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார். விரல்கள் மங்கி, உள்ளங்கை மறைகிறது. "தீனி நல்லா ஊறியிருக்கு" என்கிறார். விற்கிறவர் 3,000-க்குத் தலையாட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவ்வளவு விட்டா எண்ணிக்கைக்கு இருக்கும் தம்பி, எடைக்கு இருக்காது. சதுர மீட்டருக்கு ஒண்ணு. உங்களுது ஆயிரம் சதுர மீட்டர்."

"காத்து அடிக்கிற மெஷின் போட்டா?"

"போட்டா வேற கணக்கு. நடுராத்திரி கரண்டு நின்னா எழுந்திருச்சு வர்றது யாரு?"

மூன்று பேரும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் என்ன செய்வேன்?

கட்லா 400, மேல்மட்டத்துக்கு. ரோகு 300, நடுவில். மிர்கால் 300, அடியில். மாடி வீட்டில் குடிவைப்பதுபோலப் பிரிக்கிறார். மூன்றும் வடக்கே கங்கையில் ஓடிப் பழகிய சாதி. தேங்கிய தண்ணீரில் தானாகக் குஞ்சு பொரிக்காது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டு இந்தக் கெண்டை இனத்தை முட்டையிட வைக்கும்வரை, குஞ்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆற்றில் அரித்தெடுக்க வேண்டியதுதான். ஆக, இங்கே விடுகிற ஆயிரம் ஒருநாளும் ஆயிரத்தொன்று ஆகாது. ஜிலேபிக் கெண்டையாக இருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காது, அது தானே பெருகிக் குட்டையை நிறைத்துவிடும்.

மோர்ச் செம்போடு வந்த அம்மா கேட்கிறார்: "இதுல வீட்டுக்கு எத்தனை?"

யார் கணக்கிலும் அது இல்லை.

"நூத்துக்கு இருபது எப்படியும் போயிரும்மா" என்கிறார் வியாபாரி.

"அது கொக்குக்கும் தண்ணிப் பாம்புக்கும். நான் எங்களுக்குக் கேட்டேன்."

பெரியவர் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறார். "சரி, ஆயிரமே இருக்கட்டும்." மகன் செல்போனைப் பையில் போட்டுக்கொள்கிறான். "புல்கெண்டை இருபது கொசுறு" என்கிறார் வியாபாரி. "வரப்புப் புல்லை அறுத்துப் போட்டா போதும், தின்னுக்கும்."

எண்ணத் தொடங்குகிறார்கள். "லாபம்… ரெண்டு… மூணு…" நெல் அளக்கிற அதே ராகம். ஈரக் கையில் விரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு; செவுள் படபடக்கிறது; நழுவுவதற்குள் தண்ணீரில் விடப்படுகிறது. நூற்றுக்கு ஒரு கூழாங்கல்லைத் துண்டில் வைக்கிறார் பெரியவர். நடுவில் தகராறு. இவர் ஆறு கல் என்கிறார், அவர் ஏழு நூறு என்கிறார். தண்ணீருக்குள் போனதைத் திரும்ப எண்ண முடியுமா? ஆறு என்று வைத்துக்கொண்டு மேலே போகிறார்கள்.

பணம் கொடுக்க எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு பேரன் வருகிறான். அரைக்கால் சட்டை நனைந்திருக்கிறது. கையில் பிளாஸ்டிக் வாளி. வாய்க்காலில் பிடித்திருப்பான்: சாண் நீளத்துக்கு ஒரு விரால், பாம்புத் தலையோடு வளைந்து கிடக்கிறது. விரல் நீளக் குஞ்சொன்று அதன் வாய்க்குள் தாராளமாகப் போகும்.

குந்தி உட்கார்ந்து வாளியைச் சாய்க்கிறான். ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். உதட்டில் விரலை வைக்கிறான்.

கொட்டகைக்குள் விளக்கு எரிகிறது. கரண்டு வந்துவிட்டது. எழுந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்துகிறேன்.