ஏழு சீட்டு, பதினாலு பேர்

போடிக்காரன் ஒருத்தன்கிட்ட போய் 'எஸ்யூவி'ன்னு சொல்லிப் பாருங்க. உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். எங்க ஊரைப் பொறுத்தவரைக்கும் மலை ஏறுற வண்டி எல்லாமே ஜீப்புதான். எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, பின்னாடி எதிரும் புதிருமா பெஞ்சு போட்டு பத்து பேரை ஏத்த முடிஞ்சா அது ஜீப்பு. முடியலைன்னா அது காரு. அவ்ளோதான் வகைப்பாடு. இதுக்கு மேல எந்த ஆட்டோமொபைல் பத்திரிகையும் எங்களுக்கு வேண்டாம்.

ஆனா பாருங்க, நான் பொட்டி தட்டப் போய் நாலஞ்சு வருஷம் ஆச்சா, புத்தி கெட்டுப்போச்சு. எதுக்கெடுத்தாலும் எக்செல் ஷீட். போன வருஷம் அப்பா போன் பண்ணி, "ஜீப்பு இனிமே ரொம்ப நாளு தாங்காது போலடா, மெக்கானிக்கு உதட்டைப் பிதுக்குறான்"னு சொன்னதும் கை பரபரன்னு ஆயிடுச்சு. புது வண்டி வாங்கலாம்ப்பா, நான் பாத்துச் சொல்றேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

எங்களுக்கு பூப்பாறை தாண்டி ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருக்கு. தோட்டம்னதும் பெரிய எஸ்டேட் முதலாளின்னு நினைச்சுடாதீங்க. நாலு ஏக்கர். போடியிலேர்ந்து முந்தல் செக்போஸ்ட், அப்புறம் 17 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு, அதுக்கப்புறம் கேரளா. தினமும் காலையில ஆறு மணிக்கு முன்னாடியே தூக்குவாளியும் ஸ்வெட்டருமா போடியில ஜனம் கூடி நிக்கும். ஒவ்வொரு தோட்டத்து ஜீப்பும் வந்து அள்ளிக்கிட்டுப் போகும். சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடும். எங்க வண்டியில பன்னெண்டு பேர் வேலைக்கு வருவாங்க. அப்பா, டிரைவர் அண்ணன் சேர்த்து பதினாலு. ஆர்.சி. புக்குல போட்டிருக்கிறது எட்டு. (ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளுங்க யாராவது படிச்சா, இது கற்பனைன்னு நினைச்சுக்குங்க. ஹிஹி.)

சரி, மேட்டருக்கு வருவோம். மூணு வரிசை சீட்டு இருக்கணும், சகதியிலயும் ஏறணும். இந்த ரெண்டையும் போட்டு சல்லடையில அரிச்சதுல மிஞ்சினது ஃபோர்ஸ் குர்கா, அஞ்சு கதவு மாடல். 2024 மே மாசம் வந்தது, அப்போ எக்ஸ்-ஷோரூம் விலை 18 லட்சம். இந்தக் கம்பெனியோட பழைய பேர் பஜாஜ் டெம்போ. இவங்களோட டிராக்ஸ் வண்டி எங்க ஊருக்குப் புதுசு இல்லை.

பலம் என்னன்னு பார்ப்போம்.

முதல்ல, டிஃபரன்ஷியல் லாக். சாதாரண வண்டியில ஒரு சக்கரம் சகதியில வழுக்க ஆரம்பிச்சா, இன்ஜினோட சக்தி எல்லாம் அந்த வழுக்குற சக்கரத்தைச் சுத்துறதுலயே வீணாகும். பிடிமானம் இருக்கிற சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். (எங்க டீம்ல சில பேர் ஞாபகம் வருதா?) லாக் போட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுத்தணும். குர்காவுல முன்னாடி ஆக்ஸில், பின்னாடி ஆக்ஸில் ரெண்டுக்கும் லாக் இருக்கு. மெயின் ரோட்டுலேர்ந்து எங்க தோட்டத்துக்குப் போற மூணு கிலோமீட்டர் பாதை மழையில என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும். மழை காலத்துல டயருக்குச் சங்கிலி சுத்தி ஓட்டுற பாதை அது.

ரெண்டாவது, லோ ரேஞ்ச் கியர். ஏறும்போது மட்டும் இல்லை, இறங்கும்போதும் இதுதான் தெய்வம். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு சூடேத்தாம, இன்ஜினே வண்டியைப் பிடிச்சு மெதுவா இறக்கும்.

மூணாவது, 233 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 2.6 லிட்டர் டீசல், 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணியிலயும் போகலாம்கிற கணக்கு. 2025 மார்ச்சுல ராணுவத்துக்கு 2,978 வண்டி ஆர்டர் கிடைச்சிருக்கு. ராணுவமே வாங்குதுன்னு சொன்னா அப்பா மடங்கிடுவார்னு இதையும் ஷீட்டுல சேர்த்தேன்.

பலவீனம்? மூணு கதவு குர்காவுல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2,400 மில்லிமீட்டர். இதுல 2,825. மூணாவது வரிசைக்காக நீட்டினது. நீளம் கூடினா திரும்புற வட்டமும் கூடும். கொண்டை ஊசியில எதிர்ல லோடு லாரி வரும்போது அந்த வித்தியாசம் தெரியும். மேட்டு முகடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டுற வாய்ப்பும் கூடும். கடைசி வரிசைக்குப் பின் கதவு வழியாத்தான் ஏறணும். ரெண்டு ஏர்பேக். ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. ஏழு பேர் உட்கார்ந்தா சாமான் வைக்க இடம் கொஞ்சம்தான்.

எல்லாத்துக்கும் மார்க் போட்டு, வெயிட்டேஜ் குடுத்து, கூட்டிப் பார்த்தா நூத்துக்கு எண்பத்திரண்டு. பாஸ். அப்பாவுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிச்சேன். அப்பா ஒரே ஒரு வரி பதில் போட்டார்.

"பின் சீட்டுல யாரு உக்காரப்போறா?"

நிற்க. இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும்.

2013. நான் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். ஐப்பசி மழை. சாயங்காலம் இறங்கி வரும்போது ஒரு வளைவுல வண்டி திரும்ப, பெஞ்சோட கடைசி ஓரத்துல உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தங்க வெளியே விழுந்துட்டாங்க. கூட்டத்துல மூத்தவங்க, எல்லாருக்கும் பெரியக்கா. பின்னாடி கதவு கிடையாது, தார்ப்பாய்தான். பிடிச்சுக்க ஒரு கம்பி. அந்தக் கம்பியில ஏற்கனவே நாலு கை. வண்டி மேல தப்பு இல்லை. எட்டு பேர் வண்டியில பதினாலு பேரை ஏத்தின எங்க மேலதான் தப்பு. வலது மணிக்கட்டு எலும்பு ரெண்டா போச்சு. ஆர்.சி.யில இருக்கிற சீட்டுக் கணக்குக்குத்தான் இன்சூரன்ஸ், அதனால அங்க போய் நிக்க முடியலை. ஆஸ்பத்திரிச் செலவை அப்பா பார்த்தார். மூணு மாசம் கழிச்சு பெரியக்கா மறுபடி வேலைக்கு வந்தாங்க. ஆனா அந்தக் கை பழையபடி ஆகலை. வலது கையால மளமளன்னு காய் பறிச்சவங்க, இப்போ இடது கையாலதான் பறிக்கிறாங்க.

அதைப் பத்தி அப்பா வீட்டுல ஒரு நாள்கூட பேசினதில்லை. இப்போ வாட்ஸ்அப்புல பேசியிருக்கார்னு எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு.

மலைக்கும் போடிக்கும் நடுவுல எது முதல்ல வசதியா பயணம் பண்ணுச்சுன்னு யோசிச்சா சிரிப்பு வருது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே மூணாறு தேயிலைப் பெட்டிங்க டாப் ஸ்டேஷன்லேர்ந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில ஜம்முனு தொங்கிக்கிட்டு இறங்கியிருக்கு. மேல அதுக்குன்னே குண்டளை பள்ளத்தாக்கு ரயில் வேற ஓடியிருக்கு, 1924 வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போற வரைக்கும். பொருளுக்கு எப்பவும் நல்ல சீட்டு. இன்னிக்கும் எங்க ஜீப்புல ஏலக்காய் மூட்டையை நனையாம, நசுங்காம உள்ள தள்ளி வெச்சுட்டுத்தான் ஆளுங்க உட்காருவாங்க.

சரி, ஷீட்டுல உட்கார்ந்து பார்த்தது போதும், வண்டியில உட்கார்ந்து பார்க்கலாம்னு முடிவு பண்ணேன். காலேஜ் நண்பன் ஒருத்தன் தேனியில குர்கா வெச்சிருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி வரவெச்சேன். அவன் ஓட்ட, அப்பா முன்னாடி, நடுவுல வேலைக்கு வர்ற அக்காங்க மூணு பேர். கடைசி வரிசையில பெரியக்காவும் நானும். பின் கதவு வழியா ஏறும்போது அவங்க இடது கையை நீட்டினாங்க. பிடிச்சு ஏத்தி விட்டேன்.

இங்கதான் ஒரு விஷயம். நம்ம ஊர் ஜீப்பு மாதிரி பக்கவாட்டு பெஞ்சுல உட்கார்ந்தா, வண்டி போற திசை ஒண்ணு, நம்ம மூஞ்சி பார்க்கிற திசை ஒண்ணு. காது உள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஒரு கதை சொல்லும், கண்ணு வேற கதை சொல்லும். வாந்தி வரக் காரணம் அதுதான். பிரேக் அடிச்சா பக்கத்துல இருக்கிறவர் மேல சாயறதைத் தவிர வேற தடுப்பு கிடையாது. குர்காவுல கடைசி ரெண்டு சீட்டும் தனித்தனி, முன்னாடி பார்த்த மாதிரி, பெல்ட்டோட. நான் போட்ட ஷீட்டுல இதுக்கு மார்க்கே இல்லை. ஏன்னா வண்டி வாங்குறவன் யாரும் கடைசி சீட்டுல உட்கார்ந்து யோசிக்கிறதில்லை. நானும் யோசிக்கலை.

எட்டோ ஒன்பதோ வளைவு தாண்டியிருப்போம். பெரியக்கா மெதுவா சொன்னாங்க:

"இந்த ரோட்டுல வளைவு எத்தனைன்னு எனக்குத் தெரியும் தம்பி. முப்பது வருசமா போறேன். ஆனா வளைவு வர்றதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியிறது இன்னிக்குத்தேன்."

நான் ஒண்ணும் பேசலை. வெளியே பார்த்தேன். கீழே போடி ஊரு சின்னதா தெரிஞ்சது.

தோட்டத்துப் பாதையில வண்டி சும்மா கிழிச்சது. நண்பன் லாக் போட்டுக் காட்டினான், லோ ரேஞ்சு காட்டினான். அப்பா முகத்துலகூட ஒரு சின்னப் புள்ளை சிரிப்பு. ஆஹா, விழுந்துட்டார்னு நினைச்சேன். இறங்கினதும் பெரியக்கா கேட்டாங்க:

"வண்டி நல்லாத்தேன் இருக்கு. மத்தவக எல்லாம் எதுல வருவாக?"

அதான் கேள்வி. டிரைவரும் அப்பாவும் போக அஞ்சு பேர். மீதி ஏழு பேர்? ரெண்டு நடை அடிக்கலாம்னா, போடிக்கும் தோட்டத்துக்கும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ரெண்டாவது கும்பல் வந்து சேரும்போது பாதி நாள் போயிடும். அஞ்சு சீட்டுல பன்னெண்டு பேரை அடைச்சா 18 லட்சம் குடுத்து அதே தப்பைப் புது வண்டியில பண்ணின மாதிரி. ஏழு பேரை வேலையை விட்டு நிறுத்தலாம். அதை நாங்க ரெண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லலை.

பணக் கணக்கும் இருக்கு. 18 லட்சம் கடன், ஏழு வருஷம், ஒன்பதரை சதவீதம் வட்டின்னா மாசம் 29,400 ரூபாய்க்கு மேல கட்டணும். ஏலக்காய் 2019 ஆகஸ்டுல கிலோ 7,000 வரைக்கும் போச்சு. 2022-ல ஆயிரத்துக்குக் கீழே வந்துச்சு. இப்படி ஊஞ்சல் ஆடுற பொருளை நம்பி மாசத் தவணை கட்டுறது, பீட்டா வெர்ஷனை நேரா கஸ்டமர்கிட்ட குடுக்கிற மாதிரி.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்து யோசிச்சப்போதான் மண்டையில உறைச்சது. வேலையில தினமும் பாடம் எடுக்கிறேனே, 'ரிக்வயர்மெண்டை சரியா புரிஞ்சுக்காம கோடு எழுதாதே'ன்னு! மொத்தம் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்ல, சகதிப் பாதை மூணே மூணுதான். மீதி எல்லாம் நல்ல தார் ரோடு. போடிமெட்டுலேர்ந்து மூணாறு வரைக்கும் அகலப்படுத்தின ரோட்டை 2024 ஜனவரியிலதான் திறந்தாங்க. அந்த மூணு கிலோமீட்டருக்காக, மீதி ரோட்டுக்கும் ஆளுங்களை ஜீப்புல அடைச்சுக்கிட்டு இருக்கோம். மூணு கிலோமீட்டருக்கு வேண்டிய வண்டி எங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. கிழடு தட்டினாலும் அதுக்குத் தாங்கும்.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்ஸி கேப்னா டிரைவர் தவிர 12 பேர் வரைக்கும் ஏத்தலாம். எங்களுக்கு வேண்டியதும் பன்னெண்டு! மஞ்சள் போர்டு வேன் ஒண்ணை மாச வாடகைக்குப் பேசினோம். கேரளா பெர்மிட், வரி எல்லாம் சேர்த்தா செலவு கம்மின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இ.எம்.ஐ.யைவிடக் கம்மி. விலை விழுந்தாலோ, காய் எடுப்பு இல்லாத மாசத்துலயோ நிறுத்திக்கலாம். பன்னெண்டு பேரும் வேன்ல மெயின் ரோடு வரைக்கும் வருவாங்க. அப்பா முன்னாடியே ஜீப்புல போயிடுவார். அங்கேயிருந்து ஜீப்புல ஆறு ஆறு பேரா ரெண்டு நடை. அரை மணி நேரம் கூட ஆகுது. அந்த அரை மணிக்கும் கூலி உண்டுன்னு அப்பா சொல்லிட்டார். ஷீட்டுல அதையும் செலவா எழுதினேன். ஆள் மதிப்பு தெரிஞ்ச மனுஷன்.

அப்போ குர்கா மோசமா? சத்தியமா இல்லை. ஏழு பேர் இருக்கிற குடும்பம், காடு மலைன்னு சுத்துற ஆசை, சொந்தமா எஸ்டேட், இதெல்லாம் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். நாலு சக்கரமும் பிடிச்சு ஏறும்போது வர்ற அந்த உறுமல் இன்னும் காதுல இருக்கு. ஷீட்டை இன்னும் அழிக்கலை. :-) ஆனா இனிமே யாராவது மூணு வரிசை வண்டி எது வாங்கலாம்னு கேட்டா ஒண்ணுதான் சொல்லப்போறேன். முன் சீட்டுல உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் பண்ணாதீங்க. கடைசி சீட்டுல யாரை உட்கார வைக்கப்போறீங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க பக்கத்துல உட்கார்ந்து ஒரு மலை ஏறிப் பாருங்க.

வேன் ஓட ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வேன்ல பெரியக்காவுக்கு டிரைவர் பின்னாடி ஜன்னல் சீட்டு, அதுல வேற யாரும் உட்காரக் கூடாதுன்னு எழுதப்படாத சட்டமாம். ஆனா அந்த மூணு கிலோமீட்டர் ஜீப்பு வருது பாருங்க, அதுல மட்டும் இன்னும் அதே கடைசி ஓரத்துலதான் உட்கார்றாங்க. உள்ள தள்ளி உட்காருங்கக்கான்னேன்.

"இருக்கட்டும் தம்பி, நீ உள்ள போ. எனக்கு எங்கன பிடிக்கணும்னு தெரியும்"னாங்க. இடது கை அந்தக் கம்பியில இருந்தது.

பின்னாடிக்கு ஒரு கதவு அடிக்கச் சொல்லி வெல்டிங் பட்டறையில சொல்லியிருக்கேன். வர்ற வாரம் மாட்டுறாங்க. பன்னெண்டு வருஷம் லேட்.