அமேசான்: ஆறும் காடும் மக்களும்

உலகின் ஆறுகள் யாவும் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சேர்ப்பது ஒரே ஓர் ஆறு. அதுவே தென் அமெரிக்காவின் அமேசான். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், பசிபிக் கடலுக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அது பிறக்கிறது. எனினும் அருகிலுள்ள அக்கடலுக்கு முதுகு காட்டி, கண்டத்தையே கடந்து, சுமார் 6,400 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. சமவெளியில் சரிவு மிகக் குறைவாதலால், கடலுக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இக்கீத்தோஸ் நகர்வரை கப்பல்கள் செல்கின்றன.

பிரேசில் நாட்டு மனாவுஸ் நகருக்கு அருகே ஒரு விந்தையைக் காணலாம். கருநிற நெக்ரோ ஆறும், மலை வண்டலைச் சுமந்து வரும் பழுப்புநிறச் சொலிமோயிஸ் ஆறும் அங்கே சந்திக்கின்றன. வெப்பத்திலும் வேகத்திலும் அடர்த்தியிலும் வேறுபடுவதால், சுமார் 6 கிலோமீட்டர் தூரம் இரண்டும் கலவாமல் அருகருகே ஓடுகின்றன.

நீரில் நிற்கும் காடு

ஆண்டுதோறும் பெருக்குக் காலத்தில் சில இடங்களில் நீர்மட்டம் பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து காட்டிற்குள் புகுகிறது. மாதக்கணக்கில் மரங்கள் வெள்ளத்தில் நிற்கின்றன. தம்பக்கி என்னும் பெருமீன் மரங்களினூடே நீந்தி, உதிரும் கனிகளைத் தின்று, விதைகளைத் தொலைவில் கொண்டு சேர்க்கிறது. இளஞ்சிவப்பு நிற டால்பின்கள் கிளைகளுக்கிடையே இரை தேடுகின்றன. காடு மீனுக்கு உணவளிக்கிறது. மீன் காட்டை விதைக்கிறது.

ஆற்றின் மக்கள்

இக்காடு மனிதக் காலடி படாததன்று. 1542இல் ஸ்பானியத் தளபதி ஒரெல்லானாவுடன் ஆற்றின் முகத்துவாரம்வரை சென்ற சாமிநாதர் சபைத் துறவி கஸ்பார் தெ கார்வகால், கரையோரங்களில் பெரிய ஊர்களைக் கண்டதாக எழுதி வைத்தார். பின்வந்தோர் பலர் அதை நம்பவில்லை. ஆனால் முன்னோர் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய வளமான கருமண், அங்கே பெருந்திரளான மக்கள் வாழ்ந்ததற்கு இன்று சான்று பகர்கிறது. நாம் உண்ணும் மரவள்ளிக்கிழங்கும் தென் அமெரிக்கப் பழங்குடியினர் பயிராக்கித் தந்த கொடையே.

அவர்கள் பெற்ற கைம்மாறோ கொடிது. ரப்பர் வேட்கை மூண்ட காலத்தில், புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடியினர் அடிமைகளாக்கப்பட்டனர். கொணரும் ரப்பரின் எடை குறைந்தால் சாட்டையடி விழுந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தென் அமெரிக்கப் பழங்குடியினர் படும் கொடுமைகளைக் கண்டித்து 1912இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் சுற்றுமடல் விடுத்தார். 1876இல் அமேசான் காட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் விதைகளே பின்னர் இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் சிந்திய வியர்வையை நாம் அறிவோம்.

எண்ணிப் பிடிக்கும் மீனவர்

பிரேசிலின் தெஃபே நகருக்கு அருகே மமிராவுவா என்னும் காப்புப் பகுதி உள்ளது. அங்கு வாழும் பிராருக்கு மீன் மூன்று மீட்டர்வரை வளரக்கூடியது. மூச்சு வாங்க அடிக்கடி நீரின் மேலே வரும். மிகையாகப் பிடித்ததால் அது அருகிப் போயிற்று. மேலெழும் மீன்களைக் கண்ணாலும் காதாலும் கணக்கிடும் திறன் உள்ளூர் மீனவரிடம் இருந்தது. அறிஞர்களோடு சேர்ந்து, 1999 முதல் அவர்கள் மீன்களை எண்ணி, வளர்ந்தவற்றில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கலாயினர். மீன்வளம் பன்மடங்கு பெருகியது.

ஆயினும் 2023இல் அதே தெஃபே ஏரி கடும் வறட்சியால் சுருங்கியது. நீரின் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்ட, நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் மடிந்தன. 2024 அக்டோபரில் மனாவுஸ் நகரில் நெக்ரோ ஆற்றின் நீர்மட்டம், 1902இல் அளவெடுப்புத் தொடங்கியது முதல் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது.

உலக வெப்ப உயர்வோடு காடழிப்பும் சேர்ந்து இவ்வாற்றை நலிவிக்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் மழையாகிறது. அம்மழையை மரங்கள் வேரால் உறிஞ்சி, இலைவழியே நீராவியாக்கி, மேற்கே அடுத்த மழைக்கு அனுப்புகின்றன. மரம் வீழ்ந்தால் இச்சங்கிலி அறுபடும். காட்டையும் அதை நம்பிய ஏழை உழவரையும் காக்க நின்ற அருட்சகோதரி தோரதி ஸ்டாங், 2005 பிப்ரவரி 12 அன்று பிரேசிலின் பாரா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எடுக்குமுன் எண்ணிப் பார்க்கும் அம்மீனவரின் ஒழுக்கம் உலகோர் அனைவருக்கும் வாய்க்குமாயின், ஆறு வற்றாது. அதன் மக்களும் வாழ்வர்.