பகல் இரண்டு மணிக் கச்சேரி

ஓபோ வாசிக்கிறவர்களுக்கு வாசிக்கிற நேரத்தைவிட ரீட் சீவுகிற நேரம்தான் அதிகம். அமெரிக்காவில் எங்கள் ஐவர் குழுவைப் பெரிய மண்டபங்களுக்குக் கூப்பிடுவது அபூர்வம். ஊர் நூலகத்தில் முதியவர்களுக்காகப் பகல் இரண்டு மணிக்கு நடக்கும் இலவசக் கச்சேரிகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. சின்ன வேலைதானே என்று பெட்டியில் கிடக்கும் பழைய ரீட்டோடு கிளம்பிவிடும் இளையவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் என்று ஐந்து பேர். வயலின் குடும்பத்து நால்வர் சேர்ந்து உட்கார்ந்தால் குரல்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இங்கே அப்படி இல்லை. ஃப்ளூட்டுக்கு ரீட்டே கிடையாது. கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு, எனக்கும் பஸூனுக்கும் இரட்டை, ஹார்னுக்கு உதடுதான் நாக்கு. ஐந்தும் ஐந்து விதமாகத் தொடங்கும், ஐந்து விதமாக அடங்கும். பாரிஸில் ரைக்கா இந்தச் சேர்க்கைக்கு 24 படைப்புகள் எழுதினார், டான்ஸி 9 எழுதினார். இருவருக்கும் இந்த வம்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. யார் எப்போது பின்வாங்க வேண்டும் என்பதைத் தாளிலேயே காட்டிவிடுகிறார்கள்.

நூலக அறையில் கீழே கம்பளம், சுற்றிலும் புத்தக அலமாரி, தலைக்கு மேல் தாழ்ந்த கூரை. ஒலி அப்படியே உறிஞ்சப்பட்டுவிடும். மண்டபத்தில் சுரத்தை விட்டதும் மிச்சத்தை மண்டபம் முடித்துவைக்கும். இங்கே நாம் நிறுத்திய இடத்தில் அது வெட்டுப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சுரத்தின் வாலையும் மூச்சாலேயே மெலித்து முடிக்க வேண்டும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால், அவருக்குப் பின்னால் அலமாரி இருந்தால் பாதி ஒலி புத்தகங்களுக்குப் போய்விடும். சீக்கிரமே போய், வெறும் சுவரோ கண்ணாடி ஜன்னலோ எங்கே என்று பார்த்து நாற்காலிகளை நகர்த்திப் போடுவோம். நூலகர் ஆசையாக அடுக்கிவைத்ததைக் கலைப்பது சங்கடம்தான். சிரித்த முகத்தோடு கேட்டால் அவரும் கூட வந்து ஒரு கை பிடிப்பார்.

அடுத்தது காது. வயதானால் முதலில் குறைவது மேல் சுருதிகளைக் கேட்கும் திறன். காதுக் கருவி அந்த மேல் பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கிறது. பேச்சுக்காகச் செய்யப்பட்ட கருவி அது; மெல்லிய ஒலியை உயர்த்தும், பலத்த ஒலியை அமுக்கும். நாம் உயிரைக் கொடுத்து வளர்க்கிற ஒலியேற்றம் அங்கே போய்ச் சேரும்போது சமதளமாகியிருக்கும். அதனால் இந்தக் கச்சேரியில் வேற்றுமையை ஒலி அளவில் தேட வேண்டாம். நாக்கால் சுரத்தைத் தொடங்கும் விதத்திலும் நாதத்தின் நிறத்திலும் காட்டுங்கள். கீச்சென்ற ரீட் அந்தக் கருவிக்குள் ஊசியாக இறங்கும். பிக்கொலோவை நாங்கள் உறையிலிருந்து எடுப்பதே இல்லை.

ஆக, எல்லாம் ரீட்டில் வந்து நிற்கிறது. தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் விளையும் நாணலுக்கு இன்னும் நல்ல மதிப்பு. பத்து, பத்தரை மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலை மூன்றாகப் பிளந்து, உட்புறத்தை ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குடைந்து, மடித்து, வடிவம் வெட்டி, 47 மில்லிமீட்டர் ஸ்டேப்பிளில் நூலால் கட்ட வேண்டும். அது வரைக்கும் பொறுமை இருந்தால் யாருக்கும் கைவரும். அதற்குப் பிறகுதான் கத்தி.

என் ஆசிரியரின் ஆசிரியருக்கு ஆசிரியர் மார்ஸெல் தபுத்தோ. 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவின் முதல் ஓபோ. நுனி, இதயம், முதுகு என்று மூன்று பகுதியாக நீளச் சீவும் அமெரிக்க முறை அவர் வழி வந்தது. என் ஆசிரியர் என் ரீட்டை வாங்கினால் உடனே ஊத மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிழலைப் பார்ப்பார். இரண்டு நாக்குக்கும் நடுவே தகட்டைச் செருகி, இடது கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து, இடது ஓரத்தில் இரண்டே இழுப்பு. கத்தி நகர்ந்தது கண்ணுக்கே தெரியாது. உலர்ந்த சருகைத் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் மாறினால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். உடனே கல்லுக்குப் போய்விடுவார். மழுங்கிய கத்தி நாணலைச் சீவாது, அமுக்கும். ரீட் பாழாவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

நூலகத்துக்கென்று சீவும்போது முதுகில் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கீழ்ச்சுரங்களின் கனத்தைக் கூட்டுவேன். நுனியை வழக்கம்போல் கண்ணாடியாக்க மாட்டேன். குளிரூட்டிய வறண்ட காற்றில் ரீட்டின் வாய் மூடிக்கொள்ளும் என்பதால் திறப்பை ஒரு மயிரிழை அகலமாக விடுவேன். ரீட்டை மட்டும் வாயில் வைத்து ஊதினால் மேலும் கீழுமாக இரண்டு ஸி கத்த வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நுனியைக் கொஞ்சம் வெட்டுங்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்தது பத்துப் பதினைந்து மணி நேரம் உழைக்கும், அவ்வளவுதான். நாகஸ்வரக்காரர்கள் வாத்தியத்திலேயே சீவாளிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூச்சு பற்றி ஒன்று. ஓபோவின் வாய் மிகச் சிறியது. உள்ளே போகிற காற்று கொஞ்சம். வாக்கியம் முடியும்போது நெஞ்சில் மூச்சு தீர்ந்திருக்காது, கெட்டுப்போய்க் கிடக்கும். முதலில் வெளியே விட்டுவிட்டுத்தான் புதிதாக இழுக்க வேண்டும். முதல் வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், இதைச் சத்தமில்லாமல் செய்யப் பழகுங்கள். எல்லோரும் சேர்ந்து தொடங்கும் இடத்தில் இழுக்கும் மூச்சு மட்டும் காதில் விழலாம். எங்களுக்கு நடத்துநர் கிடையாது. அந்த மூச்சுதான் தாளம் காட்டுகிறது.

விசைத்துளையில் நீர் கோத்துக்கொண்டால் ஒற்றி எடுக்கச் சிகரெட் தாள் ஒரு கட்டு ஸ்டாண்டில் இருக்கட்டும். ஹார்ன்காரர் காலடியில் ஒரு துண்டு. கம்பளம் நூலகத்துடையது.

வயதானவர்களுக்குப் பழைய பாட்டுப் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கூட்டத்தில் பள்ளி பாண்டில் கிளாரினெட் வாசித்தவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். அவர் காது நம்முடையதைவிடக் கறாரானது. ஆகவே எங்கள் நிரல் இது: டான்ஸி ஒன்று, இபேரின் 1930 குறும்படைப்புகள் மூன்று, கார்ல் நீல்ஸன் 1922-இல் எழுதிய ஐவர் படைப்பில் கடைசிப் பகுதி. இடைவேளை இல்லாமல் ஐம்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுவோம். அந்த நீல்ஸனில் கடைசிப் பகுதியின் முன்னுரைக்கு மட்டும் ஓபோக்காரர் கோர் ஆங்கிலேக்கு மாற வேண்டும். அதுவரை அது ஸ்டாண்டில் குளிர்ந்துபோய் நிற்கும். குளிர்ந்தால் சுருதி இறங்கும். முந்தின படைப்பு முடிந்ததும் எடுத்து ஓசையில்லாமல் வெதுவெதுப்பாக ஊதிவையுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், கூட்டத்தில் இருக்கும் அந்தப் பள்ளி பாண்ட் கிளாரினெட்காரரைத் தவிர.

இலவசம் என்பது கேட்பவர்களுக்குத்தான். இசைத்தட்டு வந்து மேடைப் பிழைப்பைத் தின்கிறது என்று 1942-இல் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்திப் போராடியது. 1948-இல் மறுபடியும் நிறுத்தியது. அந்த ஆண்டு முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டில் பிறந்தது ஓர் அறக்கட்டளை நிதி. இசைத்தட்டு விற்பனையில் ஒரு பங்கு அதற்கு வரும். அதிலிருந்து கலைஞர்களுக்குக் கூலி. நுழைவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த நிதி இன்றும் இருக்கிறது. முதியவர்களுக்கான கச்சேரிகளுக்கும் பணம் தருகிறது. சேவை என்று சொல்லிக் கூலியை விட்டுக்கொடுக்கப் பழகாதீர்கள். அடுத்து வருகிறவர் கூலியையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

முடிந்ததும் கைதட்டல் ஓயுமுன்பே ஆட்கள் அருகில் வந்துவிடுவார்கள். பேச்சுச் சுவாரசியத்தில் ஈர வாத்தியத்தை மடியில் வைத்திருந்தால் மரம் வெடிக்கக்கூடும். பட்டுத் துணியை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டே பதில் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவு சின்னதிலிருந்தா சத்தம் வருகிறது என்று ரீட்டைக் காட்டிக் கேட்பார்கள். ஓடித் தேய்ந்த ரீட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஊதிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அது நேற்றுவரை உங்கள் வாயில் இருந்தது.