ரிமோட் செல் மகாத்மியம்

டார்ச் வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனால், ‘ரீசார்ஜபிள் சார், பயங்கர பிரைட்!’ என்பார்கள். மையமாகத் தலையாட்டிவிட்டு, ‘ரிமோட் செல் போடற மாதிரி இருக்கா?’ என்று கேளுங்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை. மாடி வீட்டு மாமியின் சார்ஜர் லைட் இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது. மாமாவுக்கோ ராத்திரி இன்சுலின். சிரிஞ்சில் கோடு தெரியாமல் எப்படி ஏற்றுவது?

டி.வி. ரிமோட்டிலிருந்து இரண்டு, ஏ.ஸி. ரிமோட்டிலிருந்து ஒன்று (கரண்ட் இல்லாத வீட்டில் அதுகளுக்கு என்ன வேலை?) உருவி என் டார்ச்சில் போட்டேன். பளிச்!

விஷயம் இதுதான். வெள்ளை எல்.ஈ.டி.க்கு சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒரு செல் 1.5 வோல்ட்தான். ஒற்றை செல் டார்ச் என்றால் வோல்டேஜைத் தூக்கிவிட உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் இருந்தாக வேண்டும். மூணு செல் என்றால் 4.5, அந்த வம்பே இல்லை. வாட்டை விடுங்கள், லூமன் பாருங்கள். படிக்கட்டுக்கும் ஊசிக்கும் 100 தாராளம். மழைக்காலம் முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் காலி.

மாமா மட்டும் அன்றைக்கு, “மூஞ்சில அடிக்காதடா, ஊசி கைல!” என்றார்.