எலி ஓடும் வழியில் ஒரு பலகை

ஒரு மரப்பலகை, சுருள்வில், தடித்த கம்பி, இரை வைக்க ஒரு தகடு. கொழும்பு ஹைலெவல் வீதிக் கடைகளில் தொங்கும் இந்த எலிப்பொறியை முதலில் செய்தவர் யார்? "சீனச் சாமான்" என்றார் கடைக்காரர். எனக்கு அது போதவில்லை. கிருலப்பனையில் கால்வாய்ப் பக்கம் குடியிருப்போருக்கு எலி அன்றாடத் தொல்லை. அதைப் பிடிக்கும் பொறியின் பூர்வீகம் தெரிந்தால், பொறியைச் சரியாக வைக்கவும் தெரியும் என்று நம்பினேன்.

பலரும் காட்டும் பெயர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜேம்ஸ் ஹென்றி அட்கின்சன். 'லிட்டில் நிப்பர்' என்ற அவருடைய பொறி 1890களின் கடைசியில் வந்தது. 1913இல் அதன் உரிமையை 1000 பவுணுக்கு விற்றுவிட்டார். ஆனால் அவருக்கு முன்னரே, 1894இல், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து வில்லியம் ஹூக்கர் இதே வகைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அந்த ஆவணத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. எலிக்குச் சந்தேகம் வராத பொறி, வளைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், இரையை நாடாமல் கடந்துபோகும் எலியும் அதில் விழும் என்கிறார் ஹூக்கர்.

அப்படியென்றால் இரையைவிட இடம்தான் பெரிது. எலி சுவரை உரசியே ஓடும். நடு அறையில் வைத்த பொறி வீண். சுவருக்குக் குறுக்காக, இரைத்தகடு சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைக்கவேண்டும். புதுப்பொருளைக் கண்டு எலி ஒதுங்கும் என்பதால், சில இரவுகள் வில்லை ஏற்றாமல் சுட்ட தேங்காய்த்துண்டையோ கருவாட்டையோ மட்டும் வைத்துப் பழக்கலாம். பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டில், இருபுறமும் எலி நுழையுமளவு துளையிட்ட பெட்டிக்குள்தான் பொறி இருக்கவேண்டும். கூரைக்குள் வைப்பவர்கள் மரநாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக் கூரைகளில் அதுவும் குடியிருக்கிறது.

தேடல் பிறகு என்னைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்தது. 1914இல் கொழும்பில், எலியின் தெள்ளு கடத்தும் கொள்ளைநோய் (பிளேக்) பரவியது. மாநகர நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹேர்ஸ்ட் எலியோடு நிற்காமல் அதன் உடலிலிருந்த தெள்ளுகளையும் வகைபிரித்தார். ஊரில் சாதாரணமாகக் காணப்பட்ட தெள்ளு நோயை அவ்வளவாகப் பரப்பாதது. தானியக் களஞ்சியங்கள் உள்ள பகுதியில் இருந்ததோ நோயை வேகமாகக் கடத்தும் வேறு இனம். தம் ஆய்வுகளை 1953இல் கொள்ளைநோய் பற்றிய பெருநூலாகவும் வெளியிட்டார். நம் நகரத்தில் நடந்த இந்த வேலையை நம் பாடப்புத்தகங்கள் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

செத்த எலியின் உடல் ஆற, தெள்ளு அதைவிட்டு வேறு உடல் தேடும். அதனால் பொறியைக் காலையிலேயே பார்ப்பது முக்கியம். கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து, செத்த எலியை இரட்டைப் பையில் கட்டிவிட வேண்டும். எலிப்புழுக்கையை உலரக் கூட்டக்கூடாது, நனைத்துத் துடைக்கவேண்டும். நஞ்சு வைப்பதை நான் விரும்புவதில்லை. நஞ்சு தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்து நாறும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் கேடு. கொழும்பின் சதுப்புநிலங்களில் இன்னும் வாழும் மீன்பிடிப் பூனைக்கும் அந்த ஆபத்து உண்டு.

இன்று இங்கே நம்மை அச்சுறுத்துவது எலிக்காய்ச்சல். அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் தொற்றும். காலில் காயமிருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள். எலி பிடித்த பின்போ வெள்ளத்தில் நடந்த பின்போ கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.