முதுகு வலிக்கு யாரிடம் போவது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதுகெலும்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். செலவு, பலன், ரிஸ்க் மூன்றையும் எழுதிக் கூட்டிப் பார்க்கத் தெரியும். இந்தப் பதிவில் செய்திருப்பதும் அதைத்தான்.

அப்பா தையல்காரர். முப்பது வருடமாகக் குனிந்தே வேலை. ஆறு மாதமாக இடுப்பு வலி. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை, பிசியோதெரபி போங்க" என்றார். மாமாவோ செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். கழுத்தைத் திருப்பினால் 'மடக்'கென்று சத்தம், ஆள் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். "கைரோப்ராக்டிக்டா! பத்து சிட்டிங், பணம் முன்னாடியே கட்டணும்." அந்தத் தொகை என் ஒரு செமஸ்டர் ஃபீஸ். அப்பா, "நீதான் படிச்சவன், நீயே சொல்லு" என்றுவிட்டார். அதற்கப்புறம் எனக்கு எங்கே தூக்கம்?

முதலில் அந்தச் சத்தம். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும்போது வருவது அது. நாம் விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதே கதைதான்.

கைரோப்ராக்டிக் 1895-ல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வது அதன் மையம். அதற்காக முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1998-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி (மெக்கென்சி முறை), ஒன்றுக்குக் கைரோப்ராக்டிக், மூன்றாவதுக்கு வெறும் அறிவுரைப் புத்தகம். முதல் இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். இரண்டு வருடச் செலவு முறையே 437, 429, 153 டாலர்!

பலன் சமம் என்றால் மற்ற கணக்கைப் பார்க்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரியது. இந்தியாவில் பிசியோதெரபிஸ்டுகள் 2021-ம் வருடச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கைரோப்ராக்டிக்குக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. தவறு நடந்தால் யாரிடம் போய் நிற்பது?

பிசியோவிலும் ஏமாறலாம். பெல்ட், டிராக்‌ஷன், கரண்ட் வைப்பது (டென்ஸ்) இவற்றை நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதனால் "பயிற்சி சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டுத்தான் ஓரிடத்தில் சேர்த்தேன். நாலு பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். தினமும் அப்பா வீட்டிலேயே செய்கிறார், முணுமுணுத்துக்கொண்டே :-) வலி முழுதும் போகவில்லை. ஆனால் ஒரு பேன்ட்டை எழுந்திருக்காமல் தைத்து முடிக்கிறார்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்தபின் வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் இரண்டு பக்கமும் போகாமல் நேராக டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் போனீர்கள்? என்ன செலவு, என்ன பலன்? எழுதுங்கள். மாமாவிடம் காட்ட வேண்டும்.